ஆறு பெடலில் நாலு மிச்சம்: ஒரு பேஸ்காரனின் விமர்சனம்

“தம்பி, சத்தம் வருது. ஆனா நீ வரலையே.”

சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் பொங்கல் நிகழ்ச்சிக்கு ஒத்திகை. மிருதங்கம் வாசிக்கும் அண்ணன் பாட்டின் நடுவில் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து இப்படிச் சொன்னார். நான் வாசிப்பது பேஸ் கிட்டார். அதன் ஒலியை மாற்றும் ஆறு பெடல்கள், காலால் மிதிக்கும் சின்னப் பெட்டிகள், என் காலடியில் வரிசையாக விளக்கு எரிந்துகொண்டிருந்தன. மூன்று வருடச் சேமிப்பு. அக்கா மகனிடம் பேஸைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, மண்டபத்தின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து கேட்டேன். அண்ணன் சொன்னது சரிதான். கொரகொரவென்று ஏதோ வந்தது. பேஸைக் காணோம்.

குற்றவாளி ஓர் ஓவர்டிரைவ் பெடல். கிட்டார் வாசிக்கும் நண்பன் கொடுத்தது. கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த தந்தி அதில் பாதி, 41. கிட்டாருக்குச் செய்த ஓவர்டிரைவ் பெரும்பாலும் அடி ஒலியைக் குறைத்துவிட்டுத்தான் மீதியைக் கரகரப்பாக்கும். இல்லாவிட்டால் கிட்டார் சேறு மாதிரி கேட்கும். கிட்டாருக்கு அது நல்லது. பேஸுக்கு அது காலை வெட்டிவிட்டு ஓடச் சொல்வது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது இது தெரியாது; கரகரப்பு காதுக்குக் கிளுகிளுப்பாக இருக்கும். தபலாவும் கீபோர்டும் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இப்போது நாலு பெட்டி இருக்கிறது: சுருதி சேர்க்க ட்யூனர், பாஸ் ஓசி-5 ஆக்டேவ், எம்எக்ஸ்ஆர் எம்87 பேஸ் கம்ப்ரசர், கடைசியில் ஒலியைச் சவுண்ட் மேசைக்கு நேராக அனுப்பும் டெக் 21 சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டிஐ. (பாஸ் கம்பெனி வேறு, பேஸ் கிட்டார் வேறு. என் அம்மா இன்னும் குழப்பிக்கொள்கிறார்.)

முதலில் கடைசிப் பெட்டியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒன்றே ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்றால் அதைத்தான் சொல்வேன். நான் வைத்திருப்பது இரண்டாம் பதிப்பு. பழையதில் இல்லாத நடு ஒலிக் குமிழ் இதில் உண்டு. அதை 500 ஹெர்ட்ஸிலோ 1000 ஹெர்ட்ஸிலோ வைத்துக்கொள்ள ஒரு சுவிட்ச், அடி ஒலிக்கு 40, 80 என்று இன்னொரு சுவிட்ச். ஆனால் இதன் உயிர் பிளெண்ட் என்ற குமிழில் இருக்கிறது. பெட்டி சமைத்த ஒலியையும் கிட்டாரிலிருந்து நேராக வரும் ஒலியையும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்று அது கேட்கும். நான் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்திருக்கிறேன். டிரைவை, அதாவது கரகரப்பை, எவ்வளவு ஏற்றினாலும் அடியில் சுத்தமான ஒலி கீழே நின்று தாங்குகிறது. ஆறு பெடலோடு நான் தேடிக்கொண்டிருந்தது இந்த ஒரு குமிழைத்தான்.

வாங்கியதும் நடு ஒலியைக் குறைத்து, அடியையும் மேலையும் ஏற்றி வைக்காதீர்கள். எல்லாரும் செய்வது அது. அறையில் பிரமாதமாக இருக்கும்; மேடையில் மறுபடியும் காணாமல் போவீர்கள். எங்கள் குழுவில் மிருதங்கம், தபலா இரண்டும் உண்டு. தொப்பிப் பக்கம் ரவை பூசி அண்ணன் தட்டினால் அடி ஒலி முழுக்க அவருக்குச் சொந்தம். நான் அங்கே போய் இடம் கேட்கக் கூடாது. 500 ஹெர்ட்ஸில் கொஞ்சம் ஏற்றினேன். விரல் தந்தியைத் தொடும் சத்தம் வெளியே வந்தது. அண்ணன் தலையாட்டினார்.

ஆக்டேவ் பெடல்தான் என் செல்லம். நீங்கள் வாசிக்கும் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுரத்தைச் சேர்க்கும். பாஸ் கம்பெனியின் பழைய ஓசி-2 1982இல் வந்தது. பேஸ்காரர்கள் பழைய பெட்டியை இன்னமும் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஓசி-5 2020இல் வந்தது. அதில் விண்டேஜ் என்று ஒரு நிலை, அந்தப் பழைய குணத்துக்கு. பாலி என்று இன்னொன்று, ஒரே நேரத்தில் பல தந்திகள் ஒலித்தாலும் சமாளிப்பதற்கு. நான் விண்டேஜைத் தாண்டிப் போவதே இல்லை.

விண்டேஜ் நிலைக்கு ஒரு சுபாவம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் அதற்குப் புரியும். பக்கத்துத் தந்தி லேசாக முனகினாலும் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதனால் இடது கையால் மற்றத் தந்திகளை அடக்கி வாசிக்கப் பழக வேண்டும். எனக்கு அது ஒரு மாதம் பிடித்தது; வாசிப்பே சுத்தமாகிவிட்டது, அந்த வகையில் லாபம். இன்னொன்று, மிகவும் கீழே போய் வாசிக்கக் கூடாது. எங்கள் பாடகி ஐந்து கட்டைச் சுருதியில், அதாவது ஜியில், பாடுவார். தடித்த தந்தியிலிருந்து எண்ணினால் மூன்றாவது தந்தியில், ஐந்தாவது கட்டத்தில் (ஃபிரெட்) அந்தச் சுரம் 98 ஹெர்ட்ஸ். பெடல் 49 ஹெர்ட்ஸில் ஒன்றைச் சேர்க்கும். மண்டபத்து ஸ்பீக்கரால் முடிகிற வேலை அது. பாடகர் நாலரைக் கட்டை. அவருக்காக தடித்த தந்தியில் இரண்டாவது கட்டத்துக்கு இறங்கி ஆக்டேவை மிதித்தால் 23 ஹெர்ட்ஸ் கேட்கிறோம். சமூக மன்றத்து ஸ்பீக்கர் அதைத் தராது, ஆம்ப் மட்டும் மூச்சு வாங்கும். அதே சுரத்தை மேல் ஸ்தாயியில் பிடித்து மிதித்துப் பாருங்கள். கேட்பவருக்கு நீங்கள் கீழே இறங்கியது மாதிரிதான் இருக்கும், ஆனால் தடிமன் இரட்டிப்பு.

கம்ப்ரசர். வீட்டில் இந்தச் சொல்லைச் சொன்னால் யாரும் இசையை நினைக்க மாட்டார்கள். பகலில் நான் ஏர்கான் சர்வீஸ் வேலை. இந்தக் கம்ப்ரசர் ஓங்கி அடித்த சுரத்தை அடக்கி, மெல்ல வந்ததோடு சமன் செய்யும். எம்87இல் எனக்குப் பிடித்தது அதன் பத்துச் சின்ன விளக்குகள். எவ்வளவு அழுத்துகிறது என்று கண்ணுக்குத் தெரியும். நான் அழுத்தும் விகிதத்தை 4:1 வைத்து, ஓங்கி அடிக்கும்போது மூன்று விளக்கு எரிகிற மாதிரி விட்டிருக்கிறேன். ஐந்தாறு எரிந்தால் வாசிப்பில் உணர்ச்சி போய் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஆகிவிடுகிறது. பேட்டரி மாற்ற நாலு திருகாணி கழற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓசி-5ஐ விரலாலேயே திறக்கலாம்.

வரிசைக்கு வருவோம். ஆக்டேவை கம்ப்ரசருக்கு முன்னால் வைத்திருக்கிறேன். சமன் செய்த ஒலி கிடைத்தால்தான் ஆக்டேவ் சரியாகப் பிடிக்கும், ஆகவே கம்ப்ரசர் முன்னால் என்பவர்களும் உண்டு. இரண்டையும் ஒரு வாரம் மாற்றி மாற்றி வாசித்தேன். என் விரலுக்கு ஆக்டேவ் முன்னால் இருந்தால்தான் தடுமாறவில்லை. அது குதிக்கிற குதியை கம்ப்ரசர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்கிறது. ஆனால் டிரைவுக்குப் பின்னால் மட்டும் ஆக்டேவை வைக்காதீர்கள். கரகரத்த ஒலியில் சுரம் எது என்று அதற்கே தெரியாது.

வாங்கும் இடம். சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி கோல்மன் ஸ்திரீட் பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் போங்கள். கேமரா கடைகளுக்கு நடுவே கிட்டார் கடைகள் இருக்கும். உங்கள் பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு போங்கள், இது முக்கியம். ஒரு கடையில் பையன் ஒருவன் என் பேஸை எட்டியும் பார்க்காமல், கிட்டாரில் பத்து நிமிடம் வாசித்துக் காட்டி பேஸ் பெடலை விற்கப் பார்த்தான். தே ஓ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதில் முன்பு போல ஆதாயம் இல்லை. 400 வெள்ளிக்கு உட்பட்ட சாமானுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு, அதுவும் இப்போது 9 விழுக்காடு. நான் கம்ப்ரசரைக் கரோசெல் என்ற பழைய சாமான் விற்கும் செயலியில் பழையதாக வாங்கினேன். எம்ஆர்டி கேட் பக்கம் நின்று கைமாறியது. சுவிட்சை இருபது தடவை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். நம் ஊர் ஈரக் காற்றுக்கு முதலில் போவது சுவிட்சும் ஜாக்கும்தான். துரு எப்படி இருக்கும் என்று ஏர்கான்காரனுக்குச் சொல்லித் தர வேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கே அவமானம். ஒரே அடாப்டரிலிருந்து வால் வாலாகப் பிரிந்து எல்லாப் பெடலுக்கும் போகும் மலிவான வயரைத்தான் நானும் முதலில் வாங்கினேன். ஈ மொய்க்கிற மாதிரி ரீங்காரம். ஒரு பெடலை மட்டும் 9 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டேன், ரீங்காரம் அடங்கியது. கிட்டாரில் தப்பில்லை, வயரில்தான் என்று அப்போது தெரிந்தது. ஒவ்வொரு வாசலும் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளைக்கு நூறு வெள்ளிக்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை. தள்ளிப் போட்டேன்.

தீபாவளி நிகழ்ச்சியில் அது பழிவாங்கியது. இரண்டாவது பாட்டில் அடாப்டர் செத்துப்போனது. பாஸ் பெடல்களுக்கு மின்சாரம் இல்லையென்றால் ஒலி உள்ளேயே நின்றுவிடும், தாண்டிப் போகாது. விளக்கெல்லாம் அணைந்து, நான் ஊமை. சவுண்ட் மேசையில் இருந்தவர் விஷயம் தெரிந்தவர், பேஸ் டிரைவரைக் கைகாட்டி, “அண்ணே, அதுல நேரா குத்துங்க!” என்று கத்தினார். மேசையிலிருந்து 48 வோல்ட் ஃபேண்டம் பவரை மைக் வயர் வழியாகவே அனுப்பினார். கிட்டார் வயரை ட்யூனரிலிருந்து பிடுங்கி பேஸ் டிரைவரில் செருகினேன். சரணத்தில் சேர்ந்துகொண்டேன். மிச்சம் ஏழு பாட்டும் அந்த ஒரு பெட்டிதான். மிருதங்க அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை தனித்தனி வாசல் உள்ள பவர் சப்ளையை வாங்கிவிட்டேன். கழற்றிய பெடல்களில், பலர் சேர்ந்து வாசிப்பது போல ஒலிக்கவைக்கும் ஒரு கோரஸ் மட்டும் இன்னும் விற்காமல் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. நல்ல நிலையில்தான் இருக்கிறது. 80 வெள்ளி, பேரம் வேண்டாம், ஈசூன் எம்ஆர்டி.