கிரீம்ஸ் சாலையா, சோழமண்டலமா?

ஞாயிறுதோறும் மயிலாப்பூர் தெப்பக்குளக் கரையில் உட்கார்ந்து வரையும் எங்கள் குழுவில், கண்காட்சியை எங்கே வைப்பது என்று ஒரே வாக்குவாதம்.

கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி கலைக்கூடம் ஊர் நடுவில் இருக்கிறது. ஆபீஸ் முடிந்து வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் எங்கள் சின்ன வாட்டர்கலர் தாள்கள் அந்தச் சுவர்களில் தபால்தலை மாதிரித் தெரியும்.

ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் தூரம்தான். ஆனால் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களே கைவினைப் பொருட்கள் விற்ற காசில் எழுப்பிய கிராமம் அது. மெட்ராஸ் இயக்கம் என்ற நவீனக் கலை இயக்கத்தின் படைப்புகளுக்கு அங்கே தனி அருங்காட்சியகமே உண்டு. அவற்றைப் பார்க்க வருகிறவர், நம் படத்தின் முன்னாலும் நின்று நாம் இழுத்த கோடுகளைக் கவனிப்பார். சொந்தக்காரர்கள் வந்து ‘சூப்பர்’ சொல்லிவிட்டுப் போவதைவிட அது மேல்.

என் ஓட்டு சோழமண்டலத்துக்கு, வேன் வாடகையை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டால்.