என்ஜின்எக்ஸ் டைனமிக் மாட்யூல்: அருமைதான், ஆனால் எங்கே மக்கர் பண்ணுகிறது?

மதுரையில் ஜவுளிக்கடை, பூ வியாபாரம், டியூஷன் சென்டர் என்று சொந்த சர்வர் வைத்திருப்பவர்களுக்கு, வெப்சைட்டை உலாவிக்கு அனுப்பும் வெப்சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். 2016-இல் வந்த 1.9.11 பதிப்பிலிருந்து மாட்யூலை, அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரலை, தனி ஃபைலாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது; இதுதான் டைனமிக் மாட்யூல். தமிழ்ப் பக்கங்களுக்கு, பக்கத்தைச் சுருக்கி அனுப்பும் பிராட்லி மாட்யூல் நல்ல துணை. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘மதுரை’ என்ற ஒரு சொல்லே 15 பைட் பிடிக்கிறது. சுருக்கி அனுப்பினால் மொபைலில் பக்கம் சீக்கிரம் திறக்கும்.

குறை என்னவென்றால், சர்வரும் மாட்யூலும் இம்மி பிசகாமல் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். உபுண்டு என்ற லினக்ஸ் சிஸ்டத்தின் 22.04-இல் வரும் என்ஜின்எக்ஸ் 1.18.0, 24.04-இல் 1.24.0. பழையதில் கம்பைல் செய்த (சோர்ஸ் கோடிலிருந்து உருவாக்கிய) மாட்யூலை அப்படியே விட்டு சிஸ்டத்தை அப்கிரேட் செய்தால், 1024000 (அதாவது 1.24.0) இருக்க வேண்டிய இடத்தில் 1018000 (1.18.0) இருக்கிறது என்று எர்ரர் வரும். சர்வரில் இப்போது இருக்கும் அதே பதிப்பின் சோர்ஸை இறக்கி, ‘வித்-கம்பாட்’ ஆப்ஷனோடு கான்ஃபிகர் செய்து, ‘மேக் மாட்யூல்ஸ்’ மட்டும் ஓட்டினால் போதும். முழு சர்வரையும் கம்பைல் செய்யத் தேவையில்லை. பதிப்பு ஒன்றாக இருந்தும் ‘பைனரி கம்பாட்டிபிள் இல்லை’ என்று வந்தால், பெரும்பாலும் அந்த ஆப்ஷன் விட்டுப்போயிருக்கும். பதிப்பு வேறாக இருந்தால் அந்த ஆப்ஷனும் காப்பாற்றாது.

மாட்யூல் ஃபைலே கிடைக்கவில்லை என்று எர்ரர் வந்தால் பாத்-ஐ (ஃபைல் இருக்கும் இடத்தை) பாருங்கள். முழு பாத் கொடுக்காவிட்டால் என்ஜின்எக்ஸின் அடிப்படை ஃபோல்டரான ப்ரிஃபிக்ஸிலிருந்துதான் தேடும். அது எது என்று பெரிய ‘வி’ போட்ட கமாண்ட் (nginx -V) காட்டிவிடும். மாட்யூலை ஏற்றச் சொல்லும் ‘லோட் மாட்யூல்’ வரியை கான்ஃபிக் ஃபைலின் தலையில், ‘ஈவென்ட்ஸ்’ பிளாக்குக்கு மேலே எழுத வேண்டும். ‘எச்டிடிபி’ பிளாக்குக்குள் போட்டால் ஏற்காது. இந்த விஷயத்தில் இன்னொரு வெப்சர்வரான அப்பாச்சி சுலபம்: டெபியன், உபுண்டுவில் ‘ஏ2என்மாட்’ என்ற ஒரே கமாண்ட் அந்த வரியைத் தானே சேர்த்துவிடும்.

பெரிய ஆபத்து ரீலோடில், அதாவது சர்வரை நிறுத்தாமல் கான்ஃபிகை மறுபடி படிக்கவைப்பதில், இருக்கிறது. மாட்யூல் ஏறாவிட்டாலும் பழைய கான்ஃபிகோடு சைட் ஓடிக்கொண்டே இருக்கும். சைட்டைப் பார்த்தால் தவறு தெரியாது, எர்ரர் லாகில் கிடக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரெண்ட் நிறுத்தி, யுபிஎஸ்ஸும் இறங்கி, மெஷின் மறுபடி எழும்போதுதான் என்ஜின்எக்ஸ் கிளம்பவே கிளம்பாது. அதனால் அப்டேட் முடிந்த கையோடு சின்ன ‘டி’ போட்டு (nginx -t) கான்ஃபிகைச் சோதித்து, ஆளில்லாத ராத்திரி நேரத்தில் ஒருமுறை முழுதாக ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிடுங்கள்.