கம்பு உடைக்க ஒரு மில்லு: மோட்டாரோட வாங்குனதும் நான் மாத்துனதும்

நூல் மில்லுல 30 வருஷம் ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன் நான். வீடு மதுரையில தனக்கன்குளம் பக்கம். வீட்டுல என் சம்சாரம் கம்பு நொய்யும் சத்துமாவும் தயார் பண்ணி அக்கம்பக்கத்துல கிலோக் கணக்குல கொடுக்குறா. தண்ணி தெளிச்சு, குத்தி, சொளகுல புடைச்சுக் காயவச்ச கம்பை மாவு மில்லுக்குத் தூக்கிட்டுப் போனா, அங்க நமக்கு முன்னாடி எவனாச்சும் மிளகாய் அரைச்சிருப்பான். "நொய்யா உடைச்சுக் குடுங்க"ன்னு கெஞ்சினாலும் பாதி மாவாத்தான் வரும். ஒருநாள் கூழு குடிச்ச பேரப்பிள்ளைக்குப் பொறையேறி கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதோட முடிவு பண்ணி வாங்குனதுதான் இந்த மில்லு.

வார்ப்பிரும்புல செஞ்சது. பார்க்க கறி கொத்துற கைமா மிஷின் மாதிரியே இருக்கும். மேல புனல், உள்ள தானியத்தைத் தள்ளுற திருகு, முன்னாடி பல்லு வச்ச ரெண்டு தட்டு. ஒரு தட்டு நிக்கும், இன்னொன்னு சுத்தும். முன்னாடி இருக்குற காதுத் திருகை முடுக்குனா இடைவெளி குறையும், தளர்த்துனா நொய்யி பெருசா விழும். கையால சுத்துறது மட்டும்னா 3,200 ரூபா. அரை எச்.பி. மோட்டார், ஸ்டாண்டு, பெல்ட்டு எல்லாம் சேர்த்து 11,500 சொன்னாய்ங்க. வயசாகுது, கை வலிக்கும்னு மோட்டாரோடவே வாங்குனேன். எந்தக் கடைன்னு எழுத விரும்பல.

முதல்ல மில்லைப் பத்திச் சொல்லிர்றேன். மில்லு நல்ல மில்லு. ஆரம்பத்துல ரேஷன் அரிசியை ஒவ்வொரு கிலோவாப் போட்டு ஓட்டிக் கழிச்சுக் கட்டணும், அவ்வளவுதான். நான் முதல் கிலோ மாவை ஒரு பேப்பர்ல பரப்பி, பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டுன காந்தத்தை மேலாப்புல இழுத்தேன். கறுப்பா மீசை முளைச்ச மாதிரி இரும்புத்தூள் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. ரெண்டாவது கிலோவுல கொஞ்சம். மூணாவதுல காந்தம் சுத்தமா வந்துச்சு. இதைச் செய்யாம நேரா சமையலுக்கு அரைச்சுறாதீங்க.

கோளாறு பூராம் அந்த மோட்டார் செட்டுலதான். மோட்டார் பிளேட்டுல 1440 ஆர்.பி.எம். போட்டிருக்கு. மோட்டார்ல 3 இன்ச் புல்லி, மில்லுல 6 இன்ச் புல்லி. அப்ப மில்லு நிமிஷத்துக்கு 720 சுத்து சுத்தும். கையால நான் சுத்துனா 60 தாண்டாது. மனுஷன் கைக்குன்னு செஞ்ச பொருளைப் பன்னெண்டு மடங்கு வேகத்துல விரட்டுனா என்ன ஆகும்? ஒன்றரை கிலோ போறதுக்குள்ள தட்டு தொட முடியாத சூடு. கம்பு வறுத்த வாடை. கீழ விழுந்தது முக்கால்வாசி மாவு. மாவுக்குத்தான் மாவு மில்லே இருக்கே!

இந்த இடத்துல என் அக்கா மகனைப் பத்திச் சொல்லணும். ஜெர்மனியில வேலை பார்க்குறான், வீட்டுலயே பீர் காய்ச்சுவான். அங்க அது சட்டப்படி செல்லும். இங்க எவனாச்சும் ஆரம்பிச்சா போலீசு வந்து அண்டாவோட தூக்கிட்டுப் போயிரும். முளைகட்டிக் காயவச்ச பார்லியை உடைக்க ரெண்டு உருளை வச்ச மில்லு ஒன்னு வச்சிருக்கான். வீடியோவுல என் மில்லைக் காட்டுனதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "மாமா, எத்தனை ஆர்.பி.எம்.?" அவன் 150, 200க்குள்ளதான் ஓட்டுவானாம். "உமி கிழியக்கூடாது மாமா. வெந்நியில ஊறவச்ச பார்லித் தண்ணி அந்த உமி வழியாத்தான் வடிஞ்சு இறங்கணும். மாவாப் போச்சுன்னா களி மாதிரி அடைச்சுக்கிரும்"னான். கம்புல உமியைக் காப்பாத்த வேண்டிய அவசியம் நமக்கு இல்ல. ஆனா நொய்யி வேணும்னா அதே கணக்குதான்: மெதுவா உடைக்கணும்.

முதல்ல அவன் செய்யுற மாதிரி டிரில் மிஷினை மாட்டிப் பார்த்தேன். டிரில்லை மெதுவா ஓட்டுனா உள்ள இருக்குற ஃபேனும் மெதுவாத்தான் சுத்தும், காத்துப் பத்தாது. அஞ்சு நிமிஷத்துல வார்னிஷ் கருகுற வாடை வந்துச்சு. நிறுத்திட்டேன்.

அப்புறம் புதூர்ல தெரிஞ்ச லேத்துப் பட்டறைக்குப் போனேன். வேகத்தைக் குறைக்க 3 இன்ச் புல்லியில இருந்து 9 இன்ச் புல்லிக்கு ஒரு தடவை, மறுபடி 3ல இருந்து 9க்கு ஒரு தடவை. 1440 சுத்து 480 ஆகி, அது 160 ஆச்சு. வேகம் ஒன்பதுல ஒரு பங்கு, உரசல்ல போறது போக திருகுற பலம் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. "அண்ணே, இதுக்கு ஒரு எச்.பி. போட்டுருங்கண்ணே"ன்னான் லேத்துக்காரத் தம்பி. எதுக்கு? அரை எச்.பி. தாராளம்.

இதுல இன்னொரு விஷயத்தைக் கவனிக்கணும். இந்த மில்லுக்குள்ள பேரிங் கிடையாது. வார்ப்புல போட்ட ஓட்டைக்குள்ள தண்டு சும்மா சுத்துது. அந்தத் தண்டுல நேரா புல்லியைத் தொங்கவிட்டு பெல்ட்டை இழுத்துக் கட்டுனா, இழுவை பூராம் ஒரே பக்கம் விழும். கொஞ்ச நாள்ல ஓட்டை முட்டையா தேஞ்சு தட்டு கோணலா உரசும். செட்டு போட்டுக் குடுத்தவுகளுக்கு இது தெரியாம இருக்குமா? அதனால ரெண்டு இடைத்தண்டு, நாலு பிளம்மர் பிளாக் (தண்டைத் தாங்குற, பேரிங் வச்ச கட்டை) போட்டேன். கடைசித் தண்டை நடுவுல ரப்பர் வச்ச கப்ளிங்ல மில்லோட சேர்த்துட்டேன். இப்ப மில்லுத் தண்டுக்கு சுத்துற வேலை மட்டும்தான், சுமக்குற வேலை இல்ல.

ஸ்டாண்டு? தகரத்தைவிடக் கொஞ்சம் தடிச்ச ஆங்கிள், வெல்டிங் பொட்டு வச்ச மாதிரி. ஓடுனா கரகாட்டம் ஆடுச்சு. மாமியார் வீட்டுப் பரண்ல கிடந்த பழைய தையல் மிஷின் காலை இறக்கி, மேல 6 எம்.எம். பிளேட் போட்டு, மில்லை 10 எம்.எம். போல்ட்டுல அடியில ஸ்பிரிங் வாஷரோட முடுக்குனேன். மோட்டார் போல்ட்டுக்கு நீள ஓட்டை; பெல்ட்டு தளர்ந்தா தள்ளிக்கலாம். பெல்ட்டை ரொம்ப முறுக்கா வைக்கக்கூடாது. தானியத்துல கல்லு இருந்து சிக்குச்சுன்னா பெல்ட்டுதான் வழுக்கணும், தட்டு உடையக்கூடாது. பெல்ட்டு மேல கட்டாயம் வலைக்கூண்டு போடுங்க. சேலை முந்தானையை வச்சுக்கிட்டு பக்கத்துல நிக்குறது நம்ம வீட்டுப் பொம்பளைங்க.

கரண்ட்டு விஷயத்துலதான் எனக்கு உண்மையிலேயே கோவம். செட்டோட வந்த பிளக்குல ரெண்டே முள்ளு, எர்த்தே இல்ல. ஓடும்போது மோட்டார் பாடியில டெஸ்டரை வச்சேன், எரிஞ்சுச்சு. பிளக்கை வெட்டி எறிஞ்சுட்டு, மூணு ஒயர் இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட்டுல குடுத்திருக்கேன். கடைக்குப் போன் பண்ணிக் கேட்டதுக்கு "இதுவரைக்கும் யாருக்கும் அடிக்கலையே சார்"ங்குறாய்ங்க. அடிச்சிருந்தா போன் பண்ண ஆளு இருந்திருக்குமா?

சாயங்காலம் எங்க பக்கம் வோல்டேஜ் 230ல இருந்து 180க்கு இறங்கிரும். வோல்டேஜ் குறையுற கணக்குலயே பலம் குறையாது, அதோட வர்க்கத்துல குறையும். 180ல கிளம்புற பலம் அறுபது சதம்தான். புனல்ல கம்பு நிறைஞ்சிருக்கும்போது சுவிட்சைப் போட்டா, 'ங்ங்'னு முனகிக்கிட்டே நின்னு காயில் சூடாகும். முதல்ல வெறும் மில்லா ஓடவிட்டு அப்புறம் தானியத்தைக் கொட்டணும். நாங்க காலையில மட்டும் ஓட்டுறோம்.

இப்ப 2 கிலோ கம்பு பத்து நிமிஷத்துல நொய்யா விழுது. தட்டு வெதுவெதுப்போட சரி. சோளமும் அருமையா உடையுது. கேழ்வரகு மால்ட்டுக்கு ஆகாது: முளைகட்டி வறுத்த கேழ்வரகை மூணு தடவை ஓட்டியும் நறநறன்னுதான் இருக்கு, அதுக்குப் பழையபடி மாவு மில்லுதான். டி.கல்லுப்பட்டியில இருந்து சம்பந்தி குதிரைவாலி கொண்டாந்து "உமி நீக்கிக் குடுங்க"ன்னாரு. அது வேற மிஷின் வேலை, இதுல போட்டா உமியும் அரிசியும் சேர்ந்து நொறுங்கும்.

புல்லி, பெல்ட்டு, பிளம்மர் பிளாக், லேத்துக் கூலின்னு மேல 4,600 ஆச்சு. மறுபடி வாங்குறதா இருந்தா 3,200க்கு வெறும் மில்லை வாங்கிட்டு, மோட்டாரை ரீவைண்டிங் கடையில பழசா பார்த்து எடுத்திருப்பேன். மில்லுக்கு அஞ்சுக்கு நாலு. மோட்டார் செட்டுக்கு ஒன்னு, அதுவும் மோட்டார் மட்டும் ஒழுங்கா ஓடுறதால.

புனல் சின்னது, அரைக் கிலோவுக்கு மேல பிடிக்காது. 15 கிலோ எண்ணெய் டின்னு ஒன்னைச் சாய்வா வெட்டி வச்சிருக்கேன், விளிம்பை மடக்கணும். அவ நேத்து ஊறவச்ச உளுந்தோட பக்கத்துல வந்து நின்னா. ஈரமா எதையும் இதுல போடக்கூடாதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்.