பாரிட்டோன் சாக்ஸுக்கு எந்த மவுத்பீஸ்? முதலில் சுருதி, அப்புறம் நாதம்

பாரிட்டோன் சாக்ஸபோன் வாசிப்பவர்கள் புது மவுத்பீஸ், அதாவது வாயில் வைத்து ஊதும் முனை, தேடுவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான். சுருதி நிற்கவில்லை, அல்லது நாதம் பிடிக்கவில்லை. இரண்டையும் ஒரே குறையாக எண்ணிக் கடைக்குப் போனால் தவறானதை வாங்கி வருவோம். மவுத்பீஸுக்குள் சுருதியைப் பார்த்துக்கொள்ளும் பகுதி வேறு, நாதத்துக்கு நிறம் கொடுக்கும் பகுதி வேறு. சேம்பர் என்கிற உள்ளறையில் எவ்வளவு காற்று கொள்ளும் என்பது சுருதியின் விஷயம். ரீடுக்கு (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் பட்டை) எதிரே, நுனியிலிருந்து உள்ளே சரியும் பேஃபிள் என்கிற உட்பரப்பு நாதத்தின் விஷயம். இந்த வரிசையில் யோசித்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

சாக்ஸபோன் ஒரு கூம்புக் குழாய். கூர்முனையை வெட்டிவிட்ட இடத்தில் மவுத்பீஸ் உட்காருகிறது. வெட்டுப்பட்ட அந்த முனை எவ்வளவு காற்றைப் பிடித்திருக்குமோ, ரீடின் அசைவையும் சேர்த்து ஏறத்தாழ அந்த அளவை மவுத்பீஸ் ஈடுகட்டியாக வேண்டும். அறை சிறியதானால் சுருதி ஏறும். சரி, கொஞ்சம் வெளியே இழுத்துக்கொள்ளலாம் என்று இழுத்தால், எல்லாச் சுரமும் ஒரே அளவில் இறங்காது. குறுகிய குழாயில் ஒலிக்கும் சி ஷார்ப்பில் ஒரு மில்லிமீட்டர் பெரிய மாற்றம். சாவிகள் அநேகமாக அத்தனையும் மூடிய லோ பி ஃப்ளாட்டில் அது தெரியவே தெரியாது. பாரிட்டோன், அதைவிடச் சிறிய சாக்ஸபோனான ஆல்ட்டோவுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. குழாயும் ஏறக்குறைய இரு மடங்கு நீளம். ஆல்ட்டோவில் இரண்டு மில்லிமீட்டர் இழுத்தால் சரியாகும் பிழைக்கு இங்கே நான்கு இழுக்க வேண்டும். மவுத்பீஸ் மாட்டும் கழுத்துக் குழாயான நெக்கில் அவ்வளவு கார்க் மிச்சம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே மவுத்பீஸ்களை ஒப்பிடும் முன் உங்கள் கருவி எந்தக் காலத்தது என்று பாருங்கள். கான் நிறுவனத்தின் 12எம் போன்ற பழைய அமெரிக்கக் கருவிகள், மவுத்பீஸ் என்றாலே அகன்ற வட்ட அறை என்றிருந்த நாட்களில் உருவானவை. ஜாஸ் பாரிட்டோன் கலைஞர் ஜெர்ரி மல்லிகன் வாசித்த கருவியும் 12எம்தான். இன்றைய செல்மர், யமஹா, யனகிசாவா கருவிகள் நடுத்தர அறையோடு நன்றாக ஒத்துப்போகின்றன.

இதை நான் கஷ்டப்பட்டே கற்றுக்கொண்டேன். என்னிடம் இருந்தது ஒரு பழைய அமெரிக்க பாரிட்டோன். பித்தளைக் குழு நடுவே என் சத்தம் அமுங்கிப்போகிறது என்று, உயர்ந்த பேஃபிளும் குறுகிய அறையும் கொண்ட ஓர் உலோக மவுத்பீஸை வாங்கினேன். நாதம் நான் கேட்ட மாதிரியே கூர்மையாக வந்தது. ஆனால் மேல் டி முதல் எஃப் வரை எல்லாம் ஏறிக்கொண்டே போயின. உதட்டைத் தளர்த்தி இறக்கி வாசித்தேன், தாடை வலித்தது. வெளியே இழுத்தேன், மவுத்பீஸ் கார்க்கின் விளிம்புக்கு வந்து ஆடத் தொடங்கியது. கருவியில்தான் கோளாறு என்று மாதக்கணக்கில் நம்பினேன். கடைசியில் ஒரு நண்பரின் பெரிய அறை மவுத்பீஸை மாட்டிப் பார்த்த அன்று, அதே சுரங்கள் தாமாகவே இடத்தில் வந்து உட்கார்ந்தன. அந்த நிம்மதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

புதிய கருவி உள்ளவர்களுக்கு என் முதல் பரிந்துரை செல்மர் எஸ்80 சி ஸ்டார், அல்லது வாண்டோரன் ஆப்டிமம் பிஎல்3. இரண்டுமே முனைத் திறப்பு (ரீடுக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் உள்ள இடைவெளி) அளவாக உள்ளவை, சுருதியில் தடுமாறாதவை. எஸ்80இன் அறை வாய் சதுரமானது. நாதம் ஒடுங்கி, குறி பார்த்துப் போகிறது. ஆப்டிமம் என் காதுக்கு இன்னும் வட்டமாக, கீழ்ச்சுரங்களில் இன்னும் சுலபமாகக் கேட்கிறது. சாக்ஸபோன் நால்வர் குழுவிலோ விண்ட் பேண்டிலோ வாசிப்பவர் என்றால் பிஎல்3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மவுத்பீஸில் கொஞ்சம் ஜாஸும் வாசிக்க வேண்டியவருக்கு எஸ்80 வசதி. யமஹாவின் 4சி, 5சி கற்றுக்கொள்ளும் காலத்துக்குப் போதும். சுருதி நேர்மையாக இருக்கும், நாதத்தில் ஆழம் குறைவு.

ஜாஸ் என்று வந்துவிட்டால் ஆட்டோ லிங்க்கா பெர்க் லார்சனா என்பதுதான் பழைய கேள்வி. ஆட்டோ லிங்க் டோன் எட்ஜ் கடின ரப்பரில் செய்தது, அறை பெரியது, பேஃபிள் தாழ்ந்தது. நாதம் அகலமாக, மர வாசனை கலந்தது போல வருகிறது. பழைய கருவிகளோடு சுருதியும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் உரத்த குழுவில் அது உங்களுக்காகக் கத்தாது, காற்று முழுவதும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

பெர்க் லார்சன் நேர் எதிர். அதன் மேல் பொறித்திருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. 110/1 என்றால் முனைத் திறப்பு 0.110 அங்குலம், அதாவது ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர். சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் அறையின் வகை. 0 மிகப் பிரகாசமானது, 3 மிக அடங்கியது. இன்னொரு ஜாஸ் பாரிட்டோன் கலைஞர் பெப்பர் ஆடம்ஸின் உறுமலும் கடியும் நிறைந்த நாதம் பெர்க் லார்சனில் பிறந்ததுதான். அந்த நாதத்துக்கு மயங்கிப் பலர் நேராக 0க்குப் போகிறார்கள். 2இல் தொடங்குங்கள் என்பேன். அதிலேயே தேவையான கூர்மை கிடைக்கும், மேல் ஸ்தாயியும் கட்டுக்குள் இருக்கும்.

கருவி பழையது, வாசிப்பது கிளாசிக்கல் என்றால் பெரிய அறை கொண்ட ராஷர், கேரவன் வகைகளைத் தவறாமல் ஊதிப் பாருங்கள். சாக்ஸபோனை உருவாக்கிய அடால்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற காலத்து மவுத்பீஸின் உட்புறம் அகன்று உருண்டிருந்தது. கிளாசிக்கல் சாக்ஸபோன் கலைஞர் சிகுர்ட் ராஷர் அந்த வடிவத்தையே விடாமல் வலியுறுத்தினார். நாதம் மென்மையானது, செலோவின் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். இன்றைய கருவிகள் சிலவற்றில் இதே மவுத்பீஸை நன்றாக உள்ளே தள்ளினால்தான் சுருதி எட்டும்.

உலோகமா ரப்பரா என்று அதிகம் கவலைப்பட வேண்டாம். உள்வடிவம் ஒன்றாக இருந்தால் வித்தியாசம் மிகக் குறைவு. வெளி உருவம்தான் மாறுகிறது. உலோகம் மெலிந்தது, டெனர் சாக்ஸிலிருந்து வருபவர்களுக்கு வாய் பழகிவிடும். தடித்த ரப்பரைக் கடிக்கும்போது வாய் அகலத் திறக்கிறது. அதுவே சிலருக்குத் தொண்டையைத் திறந்து நாதத்தை வளமாக்குகிறது.

முனைத் திறப்பில் மட்டும் அவசரம் கூடாது. அகன்ற முனைக்கு மெல்லிய ரீட் வேண்டும். அந்த ஜோடியில் உதடு சற்றுத் தளர்ந்தாலும் சுருதி சரியும். சுரத்தை வளைத்து வாசிக்க விரும்புபவருக்கு அது வரம், நால்வர் குழுவில் நீண்ட சுரம் பிடிப்பவருக்குத் தொல்லை.

ஒப்பிடும்போது ரீடும், அதை இறுக்கிப் பிடிக்கும் லிகேச்சரும் மாறக்கூடாது. முனை அளவு ரொம்ப வேறுபட்டால் மட்டும் ரீடை மாற்றிக்கொள்ளுங்கள். கருவி சூடாகும் வரை வாசியுங்கள்; இத்தனை பெரிய குழாய்க்கு அதற்கு நேரம் பிடிக்கும். ட்யூனரை நீங்கள் பார்க்காதீர்கள், நண்பரிடம் கொடுங்கள். முள்ளைப் பார்த்தால் உதடு தானாகத் திருத்திவிடும். நடு எஃப் ஷார்ப்பில் சுருதி சேர்த்து, அதன் கீழ் ஸ்தாயியைப் பிடியுங்கள். அடுத்து ஜியும் அதன் மேல் ஜியும், அப்புறம் கையோரச் சாவிகளின் மேல் சுரங்கள். ஸ்தாயி இடைவெளி விரிந்து மேல்சுரம் ஏறினால் அறை உங்கள் கருவிக்குச் சிறியது. மேல்சுரம் எட்டாமல் தொங்கினால் அறை பெரியது. லோ பி ஃப்ளாட் பிடிக்கும்போது நாதம் குளுகுளுவென்று துடித்தால் முதலில் துளைகளை மூடும் பேடுகளில் கசிவு பாருங்கள். கசிவு இல்லையென்றால் அதுவும் அறை போதாததன் அடையாளமாக இருக்கலாம்.

ஒரே எண் பொறித்த இரண்டு மவுத்பீஸ்கள்கூட ஒரே மாதிரி ஊதுவதில்லை. ரீட் படியும் முகப்பைக் கையால் முடிக்கும் வழக்கம் இருக்கும் வரை இந்த வேறுபாடு இருக்கும். அதனால் பெயரை முடிவு செய்த பிறகும், முடிந்தால் அதே மாதிரியில் இரண்டு மூன்றை வாங்கி வைத்து ஊதிப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பிக் கொடுங்கள்.