நீதிமன்றப் பதிவைத் திருத்தித் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள்: ரூ.14,500 போய்விட்டது

காரைக்குடியில் ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுத் தரும் ஒரு கடையில் ரூ.14,500 பறிகொடுத்த ஆத்திரத்தோடு இதை எழுதுகிறேன். இந்த மாதிரிக் கடைகள் செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் முளைத்திருக்கின்றன.

என் தம்பி மீதிருந்த அடிதடி வழக்கில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் அவனை விடுதலை செய்துவிட்டது. ஆனால் நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் என்ற அரசு இணையதளத்தில் வழக்கு இன்னும் நிலுவையில் இருப்பதாகவே காட்டுகிறது. சிங்கப்பூர் வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் அதைப் பார்த்துவிட்டு, தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கேட்டார்.

கடைக்காரர் வழக்கின் தனி அடையாளமான, எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைத் தட்டி, திரையை என் பக்கம் திருப்பினார். "அண்ணே, கோர்ட்டுல நமக்கு ஆள் இருக்கு. நிலுவைங்கிறத மாத்திடலாம், தம்பி பேரையே நெட்டுல இருந்து எடுத்துடலாம், நகலும் கைக்கு வந்துடும்" என்றார். அவருடைய தந்தையும் என் தந்தையும் ஒரே வட்டிக்கடையில் கணக்கு எழுதியவர்கள் என்பது பேச்சுவாக்கில் தெரியவந்தபின், ரசீது கேட்க எனக்கு நா எழவில்லை. ரூ.14,500-ஐ எண்ணிக் கொடுத்தேன்.

பிறகு சர்வர் வேலை செய்யவில்லை என்றார். நீதிபதி விடுப்பு என்றார். தீபாவளி கழியட்டும் என்றார். கடைசியில் அவர் நீட்டியது, அதே இணையப் பக்கத்தை அச்செடுத்து ஊதா மையில் ஒரு முத்திரை குத்திய தாள்; அடியில் இணைய முகவரிகூட அழியாமல் இருந்தது. உண்மையான நகலில் மனுச் செய்த நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும் என்று தேவகோட்டை வழக்கறிஞர் ஒருவர் சொன்னபோதுதான் மோசடி முழுதாக விளங்கியது. பெயர் நீக்கம் அதைவிடப் பெரிய புளுகு. விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து நீக்க 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமே மறுத்தது. 2024-இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. உச்ச நீதிமன்றம் வரை போய் இழுபறியான விஷயத்தை ஒரு ஜெராக்ஸ் கடை முடித்துத் தருமாம்! பணத்தைத் திருப்பிக் கேட்டால், "அது மேலே போயிடுச்சு அண்ணே" என்கிறார்.

விவரமாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. வழக்கு நிலையைக் கைபேசியிலேயே கட்டணமின்றிப் பார்க்கலாம். நகல் மனுவை அந்த நீதிமன்றத்திலேயே, நேரிலோ வழக்கறிஞர் மூலமோ கொடுங்கள். இணையப் பதிவு தவறாக இருந்தால், தீர்ப்பு நகலை இணைத்து அந்த நீதிமன்ற அலுவலகத்துக்கே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். "கோர்ட்டுல ஆள் இருக்கு" என்று எவராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.