₹3,86,000 போய்விட்டது: மசாய் மாரா போக முன்பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

கென்யாவிலிருந்து திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. இன்று மதியம் நாலாவது தடவையாக அந்த ஆபீஸ் படியேறி, வெறுங்கையோடு இறங்கி வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் நானும் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. போனது ₹3,86,000. அதில் பாதிக்கு மேல் நாலு வருஷம் கட்டி எடுத்த சீட்டுப் பணம்.

வெளிநாட்டு டூர் ஏற்பாடு செய்து தரும் டிராவல் ஆபீஸ் அது. புகார் கொடுக்கப் போவதால் இப்போதைக்குப் பெயர் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். போடவில்லை. ஆனால் நடந்ததை முழுக்கச் சொல்கிறேன். போவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் ஒரு பட்டியலும் தருகிறேன்.

என் மகனுக்கு 11 வயது. அவனிடம் ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் ஐந்து கட்டம் போட்டு வைத்திருக்கிறான். சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம். ஆப்பிரிக்காவின் 'பிக் ஃபைவ்'. நேரில் பார்த்த பிறகுதான் கட்டத்துக்குள் படம் வரைவேன் என்று இரண்டு வருஷமாகக் காலியாகவே வைத்திருந்தான். மூன்று பேருக்குக் கட்டுப்படி ஆகாது என்பதால், நானும் அவனும் மட்டும் போய் வரலாம் என்று வீட்டில் முடிவாயிற்று. காலாண்டு விடுமுறை, 2025 செப்டம்பர் கடைசி. கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் அது நல்ல பருவம். பக்கத்து நாடான தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வந்த வில்டபீஸ்ட் (மாடு போலத் தெரியும் பெரிய மான் இனம்) கூட்டம் அக்டோபர் வரை அங்கேதான் மேயும்.

ஒரு சமூக வலைத்தளப் பக்கத்தில்தான் அந்த ஆபீஸைப் பார்த்தேன். நேரில் போனோம். மாடியில் சின்ன இடம், சுவர் முழுக்க விலங்குப் படங்கள். ஆபீஸை நடத்துகிற ஆள் என்னிடம் பேசவே இல்லை. முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு என் மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, உனக்கு எந்த மிருகம் பார்க்கணும்?" என்று கேட்டார். காண்டாமிருகம் என்றான். நோட்டை வாங்கிப் பார்த்தார். இவன் உற்சாகமாகி, 'பிக் ஃபைவ்' என்பதே வேட்டைக்காரர்கள் வைத்த பெயர், நடந்துபோய்ச் சுட வேண்டுமென்றால் மிக ஆபத்தான ஐந்து மிருகங்கள் இவைதான், கென்யாவில் 1977லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டார்கள் என்றெல்லாம் சொன்னான். "உங்க பையன் எனக்கே பாடம் எடுக்கிறான் மேடம்" என்று அவர் கைகொட்டிச் சிரித்தார். அப்புறம் மேப்பை விரித்து, "மாராவில் காண்டாமிருகம் குறைச்சல் தம்பி. அதனால உன்னை நகுரு ஏரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க கருப்பும் இருக்கு, வெள்ளையும் இருக்கு. அஞ்சு கட்டமும் நிரம்பாம நீ ஊர் திரும்ப மாட்டே" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. நகுருவில் இரண்டு வகையும் இருப்பது உண்மைதான். அதனால்தான் நம்பினேன். விஷயம் தெரிந்தவர், குழந்தையிடம் இவ்வளவு பொறுமையாகப் பேசுகிறவர் ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. அன்று என்னிடம் பேரம் பேசியிருந்தால் நான் இரண்டு கேள்வியாவது கேட்டிருப்பேன்.

பேசியது இதுதான். நைரோபியில் ஒரு இரவு, மசாய் மாரா காப்பகத்துக்கு உள்ளேயே இருக்கும் லாட்ஜில் மூன்று இரவு, நகுருவில் ஒன்று, திரும்ப நைரோபியில் ஒன்று. எங்கள் இருவருக்கு மட்டும் கூரை திறக்கும் லேண்ட் க்ரூஸர். காப்பக நுழைவுக் கட்டணம் எல்லாம் உட்பட. விமான டிக்கெட் தனி, அதை நானே எடுத்துக்கொண்டேன். அது ஒன்றுதான் ஒழுங்காக நடந்தது.

முதலில் ஒரு லட்சம், பிறகு ₹1,86,000, கிளம்புவதற்கு இருபது நாள் முன்பு மீதி ஒரு லட்சம். மொத்தம் ₹3,86,000. கடைசித் தவணையைத் தனி ஒருவரின் சேமிப்புக் கணக்கில் போடச் சொன்னார். "கம்பெனி அக்கவுண்ட் ஆடிட்ல இருக்கு மேடம்." போட்டேன்.

இன்னொன்று. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் (டூர் விற்பவரே நம்மிடம் பிடித்துக் கட்டும் வரி) என்று அப்போது, 2025ல், 5 சதவீதம் வசூலித்து நம் பான் எண்ணில் கட்ட வேண்டியிருந்தது. "அது உங்களுக்கு வீண் செலவு. கன்சல்டிங் சர்வீஸ்னு பில் போட்டா ₹19,300 மிச்சம்" என்றார். எனக்காகப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அது வீண் செலவே இல்லை, வருமான வரி தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், கூடுதலாக இருந்தால் திரும்பி வரும் என்று இப்போது தெரிகிறது. இப்போது என் கையில் இருக்கும் பில்லில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று இருக்கிறது. கென்யா இல்லை, மாரா இல்லை, லாட்ஜ் பெயர் இல்லை. அந்த ஆள் எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தது இதைத்தான்.

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டோம், பத்து நாளுக்கு முன்பே. அது இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே தனிமைப்படுத்திவிடுவார்கள். மகன் அந்த மஞ்சள் அட்டையைத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

நைரோபி விமான நிலையத்தில் லேண்ட் க்ரூஸர் இல்லை. வேன் வந்தது, உள்ளே ஏற்கெனவே நாலு பேர். சரி, ஏதோ குழப்பம், மாராவில் சரியாகிவிடும் என்று பேசாமல் ஏறினேன். மறுநாள் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிறுத்தினார்கள். கீழே கண்ணுக்கெட்டிய வரை தரை விரிந்து கிடந்தது. மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றான். நாரோக் ஊரைத் தாண்டி மாலையில் மாரா காப்பகத்தின் நுழைவாயிலான செகெனானி கேட் வந்து சேர்ந்தோம்.

வேனில் வந்த மற்ற நாலு பேரின் நுழைவுக் கட்டணமும் கட்டியிருந்தது. எங்கள் இருவருக்கும் இல்லை. டிரைவர் நைரோபி கம்பெனிக்குப் போன் செய்தார், அவர்கள் லாட்ஜைக் கேட்டார்கள். அறை எங்கள் பெயரில் பிடித்து வைத்திருந்தது உண்மை. பணம் வராததால் இரண்டு வாரம் முன்பே ரத்து செய்துவிட்டார்களாம்.

அங்கேயிருந்தே அந்த ஆளுக்குப் போன் போட்டேன். எடுத்தார். "மேடம், ஒண்ணும் இல்ல, பேமெண்ட் சர்வர் பிராப்ளம். நீங்க இப்போ கட்டிடுங்க, பில் வச்சுக்கோங்க, வந்ததும் திருப்பித் தந்துடறேன்." அத்துடன் சரி. அந்தப் பயணத்தில் அதற்குப் பிறகு ஒருமுறைகூட அவர் எடுக்கவில்லை.

கட்டிவிடுங்கள் என்றால் எவ்வளவு தெரியுமா? ஜூலை முதல் டிசம்பர் வரை மாராவில் வெளிநாட்டுப் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர். 9 முதல் 17 வயதுப் பிள்ளைக்கு 50 டாலர். இருவருக்கும் 250 டாலர், கிட்டத்தட்ட 22,000 ரூபாய். அதுவும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு. காலையில் நுழைந்தால் மாலையில் வெளியே வந்துவிட வேண்டும். மூன்று நாள் என்றால் 750 டாலர். என் கார்டில் அவசரத்துக்கு என்று வைத்திருந்ததே 600.

டிரைவர் நல்ல மனிதர். "போலே சானா, மாமா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ரொம்ப வருத்தமாக இருக்கிறது அம்மா என்று அர்த்தம். தன் கம்பெனி அனுப்பிய செய்தியைக் காட்டினார். சென்னையிலிருந்து எங்கள் பெயரில் அவர்களுக்கு வந்தது 900 டாலர் மட்டும். ₹3,86,000 வாங்கிக்கொண்டு 900 டாலர் அனுப்பியிருக்கிறார். அதற்கு வேனும், கேட்டுக்கு வெளியே ஒரு கூடார முகாமில் இடமும்தான் கிடைக்கும். அந்தத் திரையை என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். இன்று என்னிடம் இருக்கும் உருப்படியான ஆதாரம் அது ஒன்றுதான்.

ஒரே ஒரு நாள் 250 டாலர் கட்டி உள்ளே போனோம். அந்த ஒரு நாளைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். ஒரு சிங்கமும் மூன்று குட்டிகளும் வேன் நிழலில் வந்து படுத்தன. யானைக் கூட்டம், காட்டெருமை. மாரா நதிக் கரையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். வில்டபீஸ்ட்டுகள் தண்ணீர் வரை வந்து பின்வாங்கின, மறுபடி வந்தன, மறுபடி பின்வாங்கின. திடீரென்று ஒன்று குதித்தது. அவ்வளவுதான், பின்னால் அத்தனையும் புழுதியோடு சரிந்து இறங்கின. என் மகன் அழுதுவிட்டான், பயத்தால் இல்லை. மூன்று கட்டங்களை அன்று இரவு சோலார் விளக்கில் வரைந்து முடித்தான்.

மறுநாள் மற்ற நாலு பேரும் உள்ளே போனார்கள். நாங்கள் கேட் அருகே இருந்தோம். அவர்களைக் கூட்டிப் போவதற்கு முன்பு டிரைவர் எங்களைக் காலையில் காப்பகத்துக்கு வெளியே கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினார். வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, மசாய்க்காரர்களின் ஆடுகள். "அம்மா, இன்னொரு நாள் கட்ட முடியாதா?" என்று ஒரே ஒருமுறை கேட்டான். நைரோபியில் தங்குவதற்கும் பணம் கட்டியிருக்கமாட்டாரோ என்ற சந்தேகத்தில் முடியாது என்றேன். சந்தேகம் சரிதான், கட்டவில்லை. நகுருவும் இல்லை. இரண்டு இரவு நைரோபியில் என் கைக்காசில் அறை எடுத்தேன். நைரோபி நகரத்தை ஒட்டியே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது, அங்கேயும் காண்டாமிருகம் உண்டு. அதற்கு வண்டி, நுழைவுச்சீட்டு என்று செலவழிக்க என்னிடம் எதுவும் மிச்சம் இல்லை. அறைக்குள்ளேயே இருந்தோம்.

இனி இங்கே நடந்தது. முதல் தடவை போனபோது, "சார் மீட்டிங்ல இருக்கார்" என்று ஆபீஸில் வேலை செய்யும் பெண் காபி கொடுத்து அனுப்பினாள். இரண்டாம் தடவை ஆளைப் பார்த்தேன். "கென்யா பார்ட்னர் ஏமாத்திட்டான் மேடம், நானும் பாதிக்கப்பட்டவன்தான்" என்றார். 900 டாலர் படத்தைக் காட்டினேன். முகம் மாறியது. "ரீஃபண்ட் பிராசஸ் 45 வேலை நாள் ஆகும், மெயில் போடுங்க." மெயில் போட்டேன், பதில் இல்லை. மூன்றாம் தடவை, "அடுத்த வருஷம் தாய்லாந்து போங்க, 40,000 கழிச்சுக்கறேன்" என்றார். நான் குரலை உயர்த்தியதும் சொன்னார் பாருங்கள்: "உங்க பையன் சிங்கம் பார்த்தான்ல மேடம்? அப்புறம் என்ன?"

அந்தச் சிங்கத்தை என் மகன் பார்த்தது நான் தனியாகக் கட்டிய 250 டாலரில். அந்த ஆளின் பணத்தில் அவன் பார்த்தது ஆடு.

இன்று நாலாவது தடவை. கதவு திறந்திருந்தது, அந்தப் பெண் மட்டும் இருந்தாள். வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டார். காவல் நிலையத்தில், "நீங்களே விரும்பிப் பணம் போட்டிருக்கீங்க, போயிட்டும் வந்துட்டீங்க, இது சிவில் மேட்டர்மா" என்று அனுப்பிவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்துப் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணமே கிடையாது, நடந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்று வக்கீல் சொன்னார். ₹3,86,000 அதற்குள்தான் வருகிறது. நாளை காகிதங்களை எடுத்துக்கொண்டு போகிறேன்.

பட்டியல் தருகிறேன் என்றேன். மகன் பள்ளியிலிருந்து வரும் நேரம் ஆகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தனி ஆள் கணக்கில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். லாட்ஜ் பெயரைக் கேட்டு வாங்கி, நீங்களே லாட்ஜுக்கு மெயில் போட்டு, பணம் வந்துவிட்டதா என்று கேளுங்கள். "புக்கிங் இருக்கிறதா" என்று கேட்டால் போதாது, என் பெயரிலும் புக்கிங் இருந்தது. நைரோபியில் வண்டி ஓட்டப்போகும் கம்பெனி எது என்று கேளுங்கள். கென்யாவில் அவர்களுக்குச் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் இருக்க வேண்டும். டிசிஎஸ் வேண்டாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்று காலை வேறு போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். டிசம்பர் விடுமுறைக்குப் புது விளம்பரம் போட்டிருக்கிறார்கள். 'பெற்றோரும் பிள்ளையும் சஃபாரி, சில இடங்களே மீதம்' என்று, காண்டாமிருகப் படத்தோடு. கீழே பதினேழு பேர் விலை கேட்டிருக்கிறார்கள். அதில் யாராவது இதைப் படித்தால், அந்தப் படத்துக்குக் கீழே என்ன பெயர் இருக்கிறது என்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பிக் கேளுங்கள். ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால், இன்றே உங்கள் லாட்ஜுக்கு மெயில் போடுங்கள்.