கணுக்கால் பிரஷர் பார்க்க டாப்ளரா, ஆட்டோமேட்டிக் மெஷினா? என் 6 வருட அனுபவம்

சர்க்கரை நோயாளிகளின் பாதம் பார்க்கும் கிளினிக்கில் டெக்னீஷியனாக இருக்கிறேன். 6 வருடமாகக் கையில் பிடித்து ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கும் டாப்ளர் கருவி, கடைசி 3 வருடமாக அதோடு ஆட்டோமேட்டிக் மெஷினும் என்று இரண்டும் தினமும் கையில் புழங்குகின்றன.

கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். கணுக்காலில் எடுத்த மேல் பிரஷரை, இரண்டு கைகளில் எதில் அதிகமோ அந்த மேல் பிரஷரால் வகுக்க வேண்டும். 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் கால் ரத்தக்குழாயில் அடைப்பு என்று எடுத்துக்கொள்வோம்.

மெஷின் வந்தபோது பெரிய நிம்மதி. கஃப்களை (பிரஷர் பார்க்கக் கட்டும் காற்றுப் பட்டைகளை) கட்டி பட்டனை அழுத்தினால் போதும், புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட ஒரே நாளில் பழகிவிட்டார்கள். நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கிறது என்று ஒரு பெரியவர் வரும்வரை எனக்கு அதன்மேல் குறையே தெரியவில்லை. அவருடைய இடது காலில் மூன்று முறை எரர் காட்டியது. கஃப் சரியில்லை என்று நினைத்து மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஜெல் தடவி டாப்ளரை வைத்தேன். கணுக்காலில் 58, கையில் 140. அதாவது 0.41!

கஃபுக்குள் ஏற்படும் சின்னச் சின்னத் துடிப்பசைவை வைத்துத்தான் மெஷின் பிரஷரைக் கணிக்கிறது. ரத்த ஓட்டம் மிகவும் குறைந்த காலில் அந்த அசைவு அதற்குப் பிடிபடுவதில்லை. சில சமயம் உள்ளதைவிட அதிகமாகவும் காட்டிவிடும். நோய் முற்றிய காலில்தான் அது தடுமாறுகிறது என்பது எனக்குப் பெரிய கவலை. அதனால் எரர் வந்தால் இப்போது கஃபைக் குறை சொல்வதில்லை, நேராக டாப்ளரை எடுத்துவிடுகிறேன்.

டாப்ளர் பழக மாதக்கணக்கில் ஆகும். தோலில் வைக்கும் அதன் முனையை (புரோப்) கொஞ்சம் அழுத்தினாலே நாடி அமுங்கிச் சத்தம் போய்விடும். ஆனால் காது பழகிவிட்டால் அந்தச் சத்தமே பாதி சொல்லிவிடும். நல்ல குழாயில் ஒவ்வொரு துடிப்பும் இரண்டு மூன்று தட்டாகப் பிரிந்து கேட்கும். அடைப்புக்குக் கீழே அது காற்று ஊதுவதுபோல ஒரே இழுப்பாகிவிடும்.

இரண்டுமே கைவிடும் இடமும் உண்டு. பல வருடம் சர்க்கரை உள்ளவர்களுக்கு ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்புச்சத்து படிந்து இறுகிவிடும், கஃப் அதை அமுக்க முடியாது, அதனால் எண் பொய்யாக உயர்ந்து வரும். ஆறாத புண்ணோடு வந்த ஒரு அம்மாவுக்கு 1.47 வந்தது. 1.40-ஐத் தாண்டினால் அந்த எண்ணை நம்பக் கூடாது. கால் கட்டைவிரலில் சின்ன கஃப் கட்டிப் பார்த்தோம்: பிரஷர் வெறும் 45. அன்றைக்கே ரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் அனுப்பினோம்.